ஊரில் நிலம் வைத்திருக்கும் உங்களுக்கு, அதில் உழுகிறவன் எழுதுவது

அன்புள்ள அண்ணன்மார்களுக்கும் அக்காமார்களுக்கும் வணக்கம்.

சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துக்கொண்டு, காவிரி டெல்டாவில் தாத்தா வழியில் வந்த நிலத்தைக் குத்தகைக்கு விட்டிருக்கிறீர்களே, உங்களுக்குத்தான் இந்தக் கடிதம். நான் திருவாரூர் மாவட்டத்தில் பன்னிரண்டு மா நிலம் குத்தகைக்குச் செய்கிறேன். மா கணக்கு மறந்துபோனவர்களுக்காகச் சொல்கிறேன்: மூன்று மா ஒரு ஏக்கர். ஆக நாலு ஏக்கர். சொந்தம் என்று எனக்கு இருப்பது குடியிருக்கும் மனை மட்டும்தான். என் அப்பாவும் இதே வயலைத்தான் செய்தார். அப்போது நிலத்துக்காரர் ஊரிலேயே இருந்தார். சாயங்காலம் ஆனால் வரப்பில் வந்து நிற்பார், பயிர் எப்படி நிற்கிறது என்று அவருக்கே தெரியும். இப்போது அவருடைய மகன் சென்னையில் இருக்கிறார். வருஷத்துக்கு ஒருமுறை, கோயில் திருவிழாவுக்கு வந்தால் உண்டு.

கேட்கப் போவது ஒன்றுதான், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் நிலத்தில் சாகுபடி செய்வது யார் என்று கேள்வி வரும்போது எங்கள் பெயரைச் சொல்லுங்கள். அதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.

ஏன் கேட்கிறேன் என்று சொல்ல 2023 பிப்ரவரிக்குப் போக வேண்டும். சம்பா அறுவடைக்கு நின்ற நேரம். இன்னும் நாலைந்து நாளில் மிஷின் இறக்கலாம் என்று தண்ணீரை வடித்துவிட்டுக் காத்திருந்தேன். முதல் வாரத்தில் பிடித்த மழை விடவே இல்லை. முற்றிய கதிர் அப்படியே சாய்ந்து தண்ணீருக்குள் படுத்துக்கொண்டது. மழை விட்டதும் வயலில் இறங்கி ஒரு கொத்தைத் தூக்கிப் பார்த்தேன். மணிக்கு மணி வெள்ளை முளை, ஊசிமுனை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. நாற்றங்காலுக்கு விதைநெல்லைச் சாக்கில் கட்டி முளைக்க வைப்போமே, அதே முளை. கதிரிலேயே விட்டிருந்தது. என் மனைவி ஒரு கதிரை ஒடித்துக் கையில் வைத்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்துவிட்டாள். வெகுநேரம் எழுந்திருக்கவே இல்லை.

அரசாங்கம் நிவாரணம் அறிவித்தது. மூன்றில் ஒரு பங்குக்கு மேல் பாதித்த நெல்லுக்கு ஹெக்டேருக்கு 20,000 ரூபாய். ஏக்கருக்கு 8,000 ஆகிறது. ஒரு ஏக்கர் சம்பாவுக்கு உழவு, நடவு, களை, உரம், மருந்து என்று நாங்கள் இறக்குவதோடு பார்த்தால் அது சின்னத் தொகைதான். ஆனால் எல்லாம் போன நேரத்தில் எட்டாயிரம் எட்டாயிரம்தான். கணக்கெடுக்க வந்தவர்கள் சேற்றில் இறங்கிப் படம் எடுத்தார்கள். என்னையே வயலில் நிற்க வைத்தும் எடுத்தார்கள். பட்டா யார் பேரில் என்று கேட்டார்கள், சொன்னேன். எழுதிக்கொண்டு போனார்கள்.

கொஞ்ச நாள் கழித்துச் சென்னையிலிருந்து போன். “ஏம்ப்பா, பேங்க்ல ஏதோ கவர்ன்மென்ட் பணம் ஏறியிருக்கே, எதுக்குன்னு தெரியுமா?” என்று எங்கள் நிலத்துக்காரர் கேட்டார். அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நான் சொன்னேன். அவர் ஒரு நிமிஷம் பேசவில்லை. அப்புறம் என் கணக்கு நம்பரைக் கேட்டு வாங்கி, வந்த பணம் முழுவதையும் அன்றைக்கே அனுப்பிவிட்டார். அந்த வருஷக் குத்தகையிலும் பாதியைத் தள்ளிக் கொடுத்தார். நன்றி மறக்கக்கூடிய ஆள் இல்லை நான்.

பக்கத்து வயல் செய்பவர் எனக்குச் சித்தப்பா முறை. அவருடைய நிலத்துக்காரரிடம் கேட்டதற்கு, “அது நிலத்துக்கு வந்த பணம்” என்று பதில் வந்தது. அதற்கு மேல் கேட்க அவருக்கு வாய் வரவில்லை. கேட்டால் அடுத்த வருஷம் நிலம் கையில் இருக்காதே. ஒரே மழை, அடுத்தடுத்த வயல், ஒரே மாதிரி முளைத்த நெல். எனக்குக் கிடைத்ததும் அவருக்குக் கிடைக்காததும் நிலத்துக்காரர்களின் மனசைப் பொறுத்ததாகப் போய்விட்டது. இதைத்தான் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. சேதத்துக்கு அரசு தரும் பணம் ஒருவருடைய நல்ல மனசு வழியாகத்தான் எனக்கு வர வேண்டுமா?

சரி, விவசாயிகளுக்கு மத்திய அரசு பணம் கொடுக்கும் பிஎம் கிசான் திட்டத்துக்கு வருகிறேன். அது உங்கள் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். 2018 டிசம்பரிலிருந்து கணக்கு வைத்து 2019 பிப்ரவரியில் கொடுக்கத் தொடங்கினார்கள். நாலு மாதத்துக்கு ஒருமுறை இரண்டாயிரம், வருஷத்துக்கு ஆறாயிரம். முதலில் ஐந்து ஏக்கர் வரைக்கும் உள்ளவர்களுக்கு என்றார்கள். அதே வருஷம் ஜூனில் நிலம் வைத்திருக்கும் எல்லாக் குடும்பத்துக்கும் என்று விரித்தார்கள். 2025 நவம்பரில் கோவையில் வைத்துப் பிரதமர் விடுவித்தது இருபத்தொன்றாவது தவணை. ஆரம்பத்திலிருந்து ஒரு தவணையும் விடாமல் வாங்கியவருக்கு அதோடு 42,000 ரூபாய் ஆகியிருக்கும்.

இந்தத் திட்டத்தில் ‘விவசாயக் குடும்பம்’ என்றால் நிலப்பதிவேட்டில் பெயர் உள்ள குடும்பம். அதுவும் 2019 பிப்ரவரி 1-ஆம் தேதி நிலவரப்படி இருக்க வேண்டும். அதற்கப்புறம் வாரிசாக வந்தால் தவிர புதிதாகச் சேர முடியாது. குத்தகைக்குச் செய்பவனுக்கு அதில் இடமே கிடையாது. நான் இருபத்திரண்டு வருஷமாக நாற்று விடுகிறேன். இந்த இருபத்தொரு தவணையில் ஒரு தவணைக்குக்கூட நான் விவசாயி இல்லை.

அந்த இரண்டாயிரத்தை எனக்குக் கொடுங்கள் என்று நான் கேட்கவில்லை. விதிப்படி அது உங்களுக்கு வருகிறது என்றால் உங்களுடையது. ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். வருமான வரி கட்டுகிறவர், மாதம் பத்தாயிரமோ அதற்கு மேலோ பென்ஷன் வாங்குகிறவர், டாக்டர், இன்ஜினியர், வக்கீல் என்று தொழில் செய்கிறவர், இவர்களுக்கெல்லாம் இந்தப் பணம் இல்லை என்று திட்டத்தின் விதியிலேயே இருக்கிறது. அப்பா காலத்தில் பதிந்தது, நமக்குத் தெரியாமலே வந்துகொண்டிருக்கிறது என்று இருப்பவர்கள் இருக்கிறீர்கள். திட்டத்தின் இணையதளத்திலேயே வேண்டாம் என்று விட்டுக்கொடுக்க வழி வைத்திருக்கிறார்கள். தயவுசெய்து விட்டுக்கொடுங்கள்.

ஏன் இதை அழுத்திச் சொல்கிறேன் என்றால், 2020-ல் நம் மாநிலத்தில் நடந்தது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். கள்ளக்குறிச்சி, விழுப்புரம், கடலூர் என்று பல மாவட்டங்களில் தகுதியில்லாத லட்சக்கணக்கானவர்களைச் சேர்த்து 110 கோடி ரூபாய் போய்விட்டது. சிபிசிஐடி விசாரித்தது, கணக்குகளிலிருந்து பணத்தைத் திரும்ப எடுத்தார்கள். நிலமே இல்லாதவர்களுக்குப் பணம் போனது என்று எல்லாப் பேப்பரிலும் வந்தது. அதற்கப்புறம் எந்த ஆபீசுக்குப் போனாலும், கையில் பட்டா இல்லாமல் ‘நான் விவசாயி’ என்று சொல்பவனை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். யாரோ செய்த தப்புக்கு எங்கள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படுகிறார்கள்.

ஆறாயிரத்தைக்கூட விட்டுவிடலாம். பெரிய பணம் வேறு இடங்களில் இருக்கிறது. கூட்டுறவு சங்கத்தில் பயிர்க்கடன் வாங்க, நிலம் யார் பேரில் என்று காட்டும் சிட்டாவும், அதில் என்ன பயிர் என்று காட்டும் அடங்கலும் வேண்டும். சிட்டா உங்கள் பேரில். அதனால் சங்கத்துக் கடன் எனக்குக் கிடையாது. நான் வாங்குவது மனைவியின் தோட்டை வைத்து நகைக்கடன், அது போதாவிட்டால் மகளிர் குழுக் கடன். 2021 பிப்ரவரியில் அரசு 12,110 கோடி ரூபாய் கூட்டுறவுப் பயிர்க்கடனைத் தள்ளுபடி செய்தது. 16 லட்சத்து 43 ஆயிரம் விவசாயிகளுக்குப் பயன் என்று அறிவித்தார்கள். அன்றைக்கு எங்கள் தெருவில் நான் கேட்ட பேச்சு இதுதான்: “நம்ம எப்போ சங்கத்துல கடன் வாங்கினோம், நமக்குத் தள்ளுபடி ஆக?” வாங்கவே முடியாத கடன் எப்படித் தள்ளுபடி ஆகும்?

அரசு நெல் கொள்முதல் நிலையத்திலும் இதே கதைதான். நெல்லைக் களத்தில் கொட்டிவிட்டு அடங்கலுக்கு அலைய வேண்டும். பட்டாதாரர் பேரில் போட்டால் நெல் சீக்கிரம் உள்ளே போகும், பணம் உங்கள் கணக்குக்குப் போகும். நீங்கள் அதை எடுத்து அனுப்பும்வரை அறுவடை மிஷின்காரருக்கு நான் பதில் சொல்லிக்கொண்டிருக்க வேண்டும். இந்த அலைச்சலுக்குப் பயந்தே களத்துக்கு வரும் வியாபாரியிடம் விலையைக் குறைத்துப் போட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. நானும் இரண்டு வருஷம் அப்படிப் போட்டிருக்கிறேன்.

பயிர்க் காப்பீட்டில் குத்தகைதாரரும் சேரலாம் என்று விதி தெளிவாகச் சொல்கிறது. சம்பா நெல்லுக்கு நாங்கள் கட்ட வேண்டியது காப்பீட்டுத் தொகையில் நூற்றுக்கு ஒன்றரை, மீதி பிரிமியத்தை மத்திய, மாநில அரசுகள் கட்டுகின்றன. இதுவும் மானியம்தானே! ஆனால் சேருவதற்குச் சாகுபடிச் சான்று வேண்டும். சான்று கேட்டுப் போனால், “நிலத்துக்காரர் வந்து சொல்லட்டும்” என்கிறார்கள். அவர்களையும் குற்றம் சொல்ல முடியாது. நாளைக்கு இரண்டு பேரும் ஒரே புல எண்ணுக்கு (சர்வே நம்பருக்கு) காப்பீடு செய்து தகராறு வந்தால் மாட்டிக்கொள்வது சான்று கொடுத்தவர்தான். ஒரு வருஷம் ஐப்பசியில் இப்படி அலைந்து அலைந்து கடைசி நாள் தாண்டிவிட்டது. நிலத்துக்காரர் வெளிநாட்டில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார், போன் கிடைக்கவில்லை. அந்த வருஷம் எங்கள் கிராமத்துக்கு இழப்பீடு வந்தது.

கோயில் நிலத்தில் செய்பவர்கள் நிலை இன்னொரு மாதிரி. அறநிலையத் துறையின் கீழ் உள்ள கோயில்களுக்கு 4 லட்சத்து 78 ஆயிரம் ஏக்கர் நிலம் இருக்கிறது. அதில் பெரும்பகுதியை யாரோ ஒரு விவசாயி குத்தகைக்குத்தான் செய்கிறார். அவர்களுக்குக் குத்தகை கட்டிய ரசீதாவது கையில் இருக்கும், காப்பீட்டுக்கும் கொள்முதலுக்கும் அதைக் காட்டலாம். ஆனால் நிறுவனங்களின் நிலத்துக்குப் பிஎம் கிசான் கிடையாது. அந்த வயலுக்கான பணம் சாமிக்கும் வருவதில்லை, உழுகிறவருக்கும் வருவதில்லை.

எங்களைவிட மோசமான நிலையில் இருப்பது பெண்கள். எங்கள் தெருவில் ஒரு அக்கா, கணவர் இறந்த பிறகும் அவர் செய்த ஆறு மாவை விடாமல் செய்கிறார். குத்தகை பேசியது கணவர், அதுவும் வாய்ப்பேச்சு. இப்போது அந்த அக்கா விவசாயி என்பதற்கு ஊரில் உள்ள மனிதர்கள் சாட்சி உண்டு, காகிதம் ஒன்றுகூட இல்லை.

நீங்கள் ஏன் கையெழுத்துப் போடத் தயங்குகிறீர்கள் என்று எனக்குத் தெரியும். “பேரை எழுதிக் கொடுத்தா நிலம் போயிடும்.” உங்கள் அப்பா உங்களுக்குச் சொல்லிவிட்டுப் போன வார்த்தை அது. அந்தப் பயம் வெறும் கற்பனை என்று நான் சொல்ல மாட்டேன். 1955-ல் வந்த சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டப்படி, ஒழுங்காகக் குத்தகை அளப்பவரை நினைத்த மாத்திரத்தில் வெளியேற்ற முடியாது. அடுத்த வருஷமே நியாயக் குத்தகைச் சட்டம் வந்தது. 1969-ல் குத்தகை உரிமையைப் பதிவு செய்யவும் சட்டம் போட்டார்கள். தஞ்சாவூர் ஜில்லாவில் பண்ணையாட்களும் குத்தகைதாரர்களும் பட்ட பாட்டுக்குப் பிறகு வந்த சட்டங்கள் இவை. அவை இல்லாமல் இருந்தால் என் தாத்தாவும் அப்பாவும் இந்த வயலில் தொடர்ந்து நின்றிருக்க மாட்டார்கள். வருவாய் நீதிமன்றத்துக்கு வருஷக்கணக்கில் நடந்த குடும்பங்கள் உங்கள் பக்கத்திலும் உண்டு, எங்கள் பக்கத்திலும் உண்டு.

ஆனால் அந்தச் சட்டத்துக்குப் பயந்து நீங்கள் காகிதத்தையே நிறுத்திவிட்டீர்கள். என் அப்பா பேரில் பழைய ரசீதுகள் ஒரு தகரப் பெட்டியில் இருக்கின்றன. என் பேரில் ஒன்றுகூட இல்லை. எங்களைக் காப்பாற்ற வந்த சட்டத்தால் எங்கள் பெயர் எழுத்திலிருந்தே காணாமல் போனது. அதற்கப்புறம் வந்த எல்லாத் திட்டமும் எழுத்தில் உள்ள பெயருக்குத்தான் பணம் கொடுக்கிறது.

மற்ற மாநிலங்களில் இதற்கு வழி தேடிப் பார்த்திருக்கிறார்கள். ஒடிசாவில் விவசாயிகளுக்குப் பணம் கொடுக்கக் காலியா என்ற திட்டத்தைக் கொண்டுவந்தபோது குத்தகைக்குச் செய்பவர்களையும் நிலமில்லாத விவசாயக் குடும்பங்களையும் சேர்த்தார்கள். ஆந்திராவில் 2019-ல் பயிர் சாகுபடியாளர் உரிமைச் சட்டம் என்று ஒன்று போட்டார்கள். பதினோரு மாதத்துக்கு ஒரு ஒப்பந்தம், சாகுபடி செய்பவருக்கு ஒரு அட்டை. நிலத்தின் மீதான உரிமைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பயிருக்கு வரும் கடன், காப்பீடு, நிவாரணத்துக்கு மட்டும்தான். எனக்கு இது நியாயமாகப் படுகிறது. நம் அரசும் இப்படி ஒன்றைக் கொண்டுவர வேண்டும் என்று நாங்கள் கேட்கிறோம், நீங்களும் எங்களோடு சேர்ந்து கேட்கலாம். உங்கள் பயமும் அதில்தானே தீரும்! இருந்தாலும் ஆந்திராவில் அட்டை கிடைக்காமல் நிற்பவர்கள் நிறையப் பேர். காரணம், அங்கேயும் நிலத்துக்காரர் கையெழுத்து வேண்டும். எந்தச் சட்டம் வந்தாலும் கடைசியில் உங்கள் கையெழுத்தில்தான் வந்து நிற்கிறது. அதனால்தான் அரசாங்கத்துக்கு எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

இப்போது அவசரமும் கூடியிருக்கிறது. 2025-லிருந்து விவசாயிகளுக்குத் தனி அடையாள எண் கொடுக்கிறார்கள். நில ஆவணத்தையும் ஆதாரையும் இணைத்துத் தருவது அது. இனி மானியம், காப்பீடு எல்லாவற்றுக்கும் இந்த எண்தான் என்கிறார்கள். நிலம் யார் பேரில் இருக்கிறதோ அவருக்குத்தான் எண். இதுவரை தெரிந்த முகம், ஊர்ப் பழக்கம் என்று எப்படியோ நடந்த வேலைகள்கூட இனி அந்த எண் இல்லாமல் நடக்காதோ என்று பயமாக இருக்கிறது. முகாம் நடந்த அன்று நானும் போய் வரிசையில் நின்றேன். புல எண் கேட்டார்கள், சொன்னேன். உங்கள் பெயர் திரையில் வந்தது. “நீங்க இல்லையே” என்றாள் முகாமில் பதிவு செய்துகொண்டிருந்த பெண், எழுந்து வந்துவிட்டேன். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை.

கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான ஆணையம் கொடுத்த அறிக்கைகளை வைத்து 2007-ல் மத்திய அரசு உழவர்களுக்கென ஒரு தேசியக் கொள்கை வெளியிட்டது. அதில் விவசாயி என்பதற்கு விளக்கம் கொடுத்திருக்கிறார்கள். குத்தகைதாரர், விளைச்சலில் பங்கு பேசி வாரத்துக்குச் செய்பவர், விவசாயத் தொழிலாளி எல்லோரும் அதில் உண்டு. பணம் கொடுக்கும் திட்டம் வந்தபோது அந்த விளக்கத்தை ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்பது எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

நான் கேட்கும் தாளில் எழுத வேண்டியது இவ்வளவுதான்:

“என் பெயரில் உள்ள இந்தப் புல எண் நிலத்தில், இந்த ஆண்டு சம்பா பருவத்தில் இன்னார் நெல் சாகுபடி செய்கிறார். இந்தப் பயிருக்கான காப்பீடு, இழப்பீடு, நிவாரணம், கொள்முதல் தொகை ஆகியவற்றை அவருடைய கணக்கில் செலுத்த எனக்கு ஆட்சேபணை இல்லை.”

வருஷத்தையும் பருவத்தையும் குறிப்பிட்டே எழுதுங்கள். உங்களுக்குத் தெரிந்த வக்கீலிடம் காட்டிவிட்டே எழுதுங்கள், நான் தவறாக நினைக்க மாட்டேன். இரண்டு பிரதி எடுத்து ஒன்றை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் இந்த நிலத்தைப் பிடுங்கிக்கொள்ள நினைத்திருந்தால், நீங்கள் ஊருக்கே வராத இத்தனை வருஷத்தில் மாவுக்கு இரண்டு மூட்டை குத்தகையை நடந்து போய் லாரி ஆபீசில் ஏற்றி அனுப்பிக்கொண்டிருக்க மாட்டோம்.

உங்களில் சிலர் இதைப் படித்துவிட்டு, நம் நிலத்தை இப்போது யார் செய்கிறார் என்றே சரியாகத் தெரியவில்லையே என்று நினைக்கலாம். அப்பா காலத்தில் ஒருவர், அவர் மகன், அப்புறம் அவரிடமிருந்து உள்குத்தகைக்கு வேறொருவர் என்று கை மாறியிருக்கும். தை மாதம் பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஒருமுறை வயலுக்குப் போய் நின்று பாருங்கள். அந்த நேரத்தில் வரப்பில் யார் நிற்கிறாரோ அவரிடம் பேர் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

எங்கள் நிலத்துக்காரரிடம் இதை இன்னும் நேரில் கேட்கவில்லை. இந்த மடலை அவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பப் போகிறேன், படிப்பார் என்று நம்புகிறேன். அண்ணே, சம்பா காப்பீட்டுக்குக் கார்த்திகை பிறக்கும் முன்னாலேயே கடைசி நாள் வந்துவிடும். ஐப்பசி முதல் வாரத்தில் போன் செய்கிறேன். தாளை நானே எழுதிக்கொண்டு வருகிறேன், நீங்கள் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போட்டால் போதும். பஸ்ஸில் ராத்திரி ஏறினால் விடிகாலை உங்கள் வீட்டு வாசலில் இருப்பேன்.

அன்புடன்,
திருவாரூர் மாவட்டத்துக் குத்தகை விவசாயி ஒருவன்